எண்பத்தேழு கைகள்

நகராட்சியில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தராக இருந்தவளுக்கு அலுவலகத்தில் பட்டியலக்கா என்று பெயர். எந்தப் பட்டியலை யார் தொலைத்தாலும் அவளிடம் ஒரு நகல் இருக்கும். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் வரவைவிடச் செலவு எகிறி நின்றது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தானே முடிவெடுத்து ஊர் வாயில் விழுவானேன் என்று நினைத்த தலைவர், மக்களையே கேட்டுவிடலாம் என்றார். பத்துச் செலவுகள் கொண்ட ஒரு படிவம். முக்கியமானதற்கு ஒன்று, கடைசிக்குப் பத்து என்று எண் போட்டு அனுப்ப வேண்டும். அதைத் தட்டச்சு செய்தவள் பட்டியலக்கா. சாலை, வடிகால், தெருவிளக்கு, குப்பை என்று மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தவள் எட்டாவது வரியில் நின்றாள். 'பகல் பராமரிப்பு இல்லம்.' பிறகு அதையும் அடித்து முடித்தாள்.

அவளுடைய தம்பி தினமும் போவது அந்த இல்லத்துக்குத்தான். முப்பத்தெட்டு வயது ஆள். மனசுக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். காலையில் அவனை இல்லத்தில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள், மாலையில் கூட்டிக்கொண்டு போவாள். அவனைப் போல அங்கே இன்னும் பதின்மூன்று பேர். நகராட்சிக் கடிதங்களை மடித்து உறையில் போடும் வேலை எப்போதும் அவர்களுக்குத்தான் போகும். இந்தப் படிவங்களும் போயின.

"அக்கா, இன்னிக்கு நான் நூத்திப்பத்து மடிச்சேன்," என்றான் ஒரு மாலை, பஸ்ஸில். "நான்தான் நேரா மடிக்கிறேன்னு டீச்சர் சொன்னாங்க."

"அது என்ன பேப்பர்னு சொன்னாங்களா?"

"எல்லார் வீட்டுக்கும் போகுமாம்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, கடந்துபோன வீடுகளை விரலால் சுட்டினான். "அந்த வீடு. அப்புறம் அந்த வீடு. அந்த மாடி வீடு."

அவள் அவன் கையை மெதுவாக ஜன்னலுக்கு உள்ளே இழுத்துவிட்டாள்.

நாலாயிரம் படிவம் போனதில் ஆயிரத்துச் சொச்சம் திரும்பி வந்தது. மூன்று வாரம் தலை நிமிராமல் தொகுத்தாள். வடிகாலுக்கு முதலிடம். பகல் இல்லம் கடைசி. ஒருவர் அந்த வரிக்குப் பக்கத்தில் 'இது எங்கே இருக்கு?' என்று எழுதியிருந்தார். யாரும் கோபத்தில் பத்துப் போட்டதாகத் தெரியவில்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாமல் போட்டிருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்கு வந்த படிவம் மேஜை டிராயரில் வெறுமையாகக் கிடந்தது. தொகுக்கிறவளே எண் போடுவது முறையில்லை என்று அதை அப்படியே விட்டிருந்தாள்.

படிவ முடிவை ஊரார் முன் வைத்து வாக்கெடுக்கும் இறுதிக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. இல்லம் விடுமுறை என்பதால் தம்பியையும் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

இல்லத்து டீச்சர்தான் முதலில் எழுந்தார். "பதினாலு பேர்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பதினாலு பேருக்கும் வேற போக்கிடம் கிடையாது."

பள்ளத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "டீச்சர் சொல்றது புரியாம இல்லை. மழை பெஞ்சா எங்க வீட்டுல சாக்கடைத் தண்ணி அடுப்பு வரைக்கும் வருது. பேத்தியைப் பதினோரு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க." தான் சொன்னது தனக்கே கூசியதுபோல் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். பட்டியலக்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பகல் இல்லத்தை நிறுத்திட்டு அந்தத் தொகையை வடிகாலுக்கு மாத்தச் சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் தலைவர்.

எண்ணுவது அவள் வேலை. வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே பின்னால் வந்தாள். கடைசி வரிசையில், சுற்றிலும் எல்லோரும் தூக்கியிருந்ததைப் பார்த்து, தம்பியும் கையை நேராகத் தூக்கியிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நானும்," என்றான் மெதுவாக.

பதினெட்டு வயது தாண்டிய குடியிருப்பாளர் யாரும் கை தூக்கலாம் என்பது விதி. அந்த அறிவிப்பை அடித்தவளும் அவள்தான். அவன் கையைத் தாண்டிப் போனால் அவன் கணக்கில் சேராத ஆள் என்று அவளே சொன்னதாகிவிடும். முன்வரிசையிலிருந்து டீச்சர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தேழு," என்றாள். எதிராக நாற்பத்தொன்று.

கூட்டம் கலைந்தபோது டீச்சர் வாசலில் நின்றார். "அவனையும் சேர்த்தா எண்ணினீங்க?"

"ஆமா டீச்சர்."

"விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"தெரியும்."

டீச்சர் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார்.

மாதக் கடைசியில் இல்லத்தைப் பூட்டினார்கள். முதல் வாரம் தம்பியை அலுவலகப் பதிவறையில் உட்கார வைத்தாள். இது சரிப்படாது என்று மேலாளர் நயமாகத்தான் சொன்னார். அதன்பின் காலையில் சாப்பாட்டை மூடிவைத்து, டிவியைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவாள். வடிகால் வேலை முடிந்து, அந்த மழைக்காலத்தில் பள்ளத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. அந்த அம்மாள் அலுவலகத்துக்கே வந்து, "புண்ணியமாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். நிஜமாகவே நல்ல காரியம்தான் என்று பட்டியலக்காவுக்கும் பட்டது.

தினமும் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்வாள்.

"இன்னிக்கு லீவா அக்கா?" என்று கேட்பான்.

"ஆமாடா, லீவுதான்."

"நாளைக்கு?"

"பார்க்கலாம்."

மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவன் லீவா என்று கேட்கவில்லை. சாப்பிட்டேன் என்றான், டிவி பார்க்கிறேன் என்றான், வைத்துவிட்டான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, எதிரே குவிந்திருந்த கோப்புகளில் முதலாவதைப் பிரித்தாள்.