பொதுவில் கிடந்த ஜே

ஹோபார்ட் ஆய்வகத்தில் எங்கள் அலைக் கணிப்பு நிரல் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை சொன்னது. அதைப் பழைய ஃபோர்ட்ரான் மொழியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதிய லாக்லன், புதிதாக வந்த டெவிடாவைப் பிடித்துக்கொண்டான்.

“டேட்டால கை வச்சது நீதானே? மேலிடத்துல சொன்னா உன் வேலை போயிடும், மச்சி.”

“நான் கை வச்சா ஒரே தப்புதான் வரும். தடவைக்கு ஒரு புதுத் தப்பு போட எனக்கு ஏதுப்பா அவ்வளவு உழைப்பு?” என்றான் டெவிடா. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

எனக்கோ இருவர்மேலும் சந்தேகம். வழக்கமாகக் கணினியின் பல கோர்கள், அதாவது கணக்குப் போடும் மூளைகள், பங்கிட்டுச் செய்யும் நிரலை ஒரே கோரில் ஓட்டினேன். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை, அதுவும் சரியான விடை. அப்படியானால் டேட்டா சுத்தம். கோர்களுக்கு வேலையைப் பிரிக்கச் சொல்லும் ஆணையில்தான் கோளாறு.

நிரலில் திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். பழைய ஃபோர்ட்ரானில் உள் லூப்பின் சுற்றை எண்ணும் ஜே, ஒவ்வொரு கோருக்கும் தானாகவே தனியாகிவிடும். சி-யில் வெளி லூப்பை எண்ணும் ஐ-க்கு மட்டுமே அந்தச் சலுகை. லாக்லன் ஜே-யை மேலே பொதுவில் அறிவித்திருந்தான். ஒரே தராசில் நாலு வியாபாரிகள் ஒரே நேரத்தில் சரக்கை எடை போட்டதைப் போல் எல்லாக் கோர்களும் அதை மாற்றிக்கொண்டிருந்தன.

ஆணையில் ஜே-யைத் தனியுடைமை என்று சேர்த்தேன். விடை நிலைத்தது.

“கோட மெஷினுக்கு மொழிபெயர்க்கிற கம்பைலரே பாத்துக்கும்னு நம்பிட்டேன்டா,” என்றான் லாக்லன்.

“முகம் தெரியாத கம்பைலர நம்புன, பக்கத்துல உக்காந்திருக்கிற என்னை நம்பலியே,” என்றான் டெவிடா.