தேன்சிட்டின் மீசை

வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்ப்பவருக்கு எண்கள் மட்டுமா கிடைக்கும்? சண்டைகளும் கிடைக்கும். அவற்றை வைத்துத்தான் இரண்டு வருஷமாக அவர் ஒரு வாரப் பத்திரிகையில் குடும்பத் தொடர் எழுதிவந்தார். குடும்பக் கதைக்குப் பெண் பெயர்தான் எடுபடும் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தொண்ணூறு கிலோ எடையும் முறுக்கு மீசையுமாக இருந்த மனிதர் ‘தேன்சிட்டு’ ஆனார்.

இதில் பெரிய கொடுமை, அவர் மனைவியே தேன்சிட்டின் பரம ரசிகை.

“பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும். நீங்களும்தான் இருக்கீங்களே!” என்பாள்.

‘நல்லா எழுதறீங்க’ என்று ஒரு தடவையாவது அவள் தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாளா என்று மனிதர் ஏங்கிப் போனார். ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“நீங்களா? மளிகைச் சீட்டுகூட உங்களுக்கு எழுத வராதே!”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “அடுத்த வாரம் படிச்சுப் பாரு” என்றார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய அக்கா வந்து, கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, தடாலென்று விழுந்திருந்தாள். அப்போது மனைவி அவர் காதோடு சொன்னாள்: “அண்ணி எழுந்துடுவாங்க. நாற்காலிக்கு ஏதாவது ஆச்சான்னு பாருங்க.” விழுந்ததையும் சொன்னதையும் அப்படியே அத்தியாயத்தில் வைத்துவிட்டார்.

பத்திரிகை வந்தது. படித்த மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. நம்பிவிட்டாள் என்று அவர் மீசையை நீவி முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. அக்கா! கையில் அதே பத்திரிகை.

“யாருடா இந்தத் தேன்சிட்டு? நான் விழுந்தது உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? நீயா எழுதினே?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்றால் பேர் அவருக்கு, நாற்காலிப் பேச்சு மனைவி தலையில். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“நானாக்கா? எனக்கு மளிகைச் சீட்டே எழுத வராதே!”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

அவள் போன பிறகு மனைவி கதவைத் தாழிட்டாள்.

“நல்லாத்தான் எழுதறீங்க” என்றாள். அவர் கை தானாக மீசைக்குப் போனது.

“ஆனா அடுத்த வாரம் அந்த அண்ணியைக் கொஞ்சம் நல்லவங்களா ஆக்கிடுடி, தேன்சிட்டு.”