அசையாமல் நின்றவன்

வண்டி ஆளை இடிக்காது என்ற நிரூபணத்தில் கையெழுத்துப் போடுபவர்தான் அதன் முன்னால் நிற்க வேண்டும். எங்கள் கம்பெனியில் அது எழுதாத சட்டம். கிடங்குகளில் ஓட்டுநர் இல்லாமல் சரக்கு இழுக்கும் வண்டிகளைச் செய்கிறோம். தலைமைப் பொறியாளர் தடத்தில் போய் நிற்பார், வண்டி அவரைக் கண்டு நின்றுவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள். நிற்பார் என்றா சொன்னேன்? கையை வீசுவார், காலை மாற்றி மாற்றி வைப்பார், ஒரு சுற்றுச் சுற்றுவார். ஆட்டக்காரர் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

அந்த வண்டிதான் என் தம்பியின் இடது காலை எடுத்தது. கிடங்கில் ஒரு பெட்டியின் முகவரியைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். "பையன் குறுக்கே ஓடிட்டான்" என்று விசாரணையில் ஆட்டக்காரர் சொன்னார். அதோடு கேஸை மூடிவிட்டார்கள். பெற்ற தாயே அதை நம்பினாள். "சின்ன வயசுலேருந்தே இவனுக்கு நிதானம் கிடையாதுடி" என்று என்னிடம் அங்கலாய்த்தாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

என் வேலை கணிதம். வண்டியை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்ப்பதல்ல. எந்த நிலையிலும் அது ஆளை இடிக்காது என்று நிரூபிப்பது. ஆட்டக்காரரின் நிரூபணத்தில் ஒரு ஓட்டை கிடையாது, பாவி மனுஷன் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். ஆனால் எந்த நிரூபணமும் சிலவற்றை உண்மையென்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும். அவர் வைத்துக்கொண்டவற்றில் ஒன்று, தடத்தில் எந்த மனிதரும் அசையாமல் நிற்கமாட்டார் என்பது. தரைக்கறைக்கும் நிழலுக்கும் வண்டி வீணாக நிற்கிறதென்று, அசையாத எதையும் அது பொருட்படுத்தாதபடி செய்திருந்தார்கள். அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுக் கணினியை ஓடவிட்டேன். அசையாமல் ஒருவன், நிற்காமல் ஒரு வண்டி. திரையில் என் தம்பியைப் பார்த்தேன்.

அந்த ஆட்டம் எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது. அவருக்கு எல்லாம் தெரியும்!

மேலே போய்ச் சொன்னால் பூசி மெழுகிவிடுவார்கள். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு, மருத்துவமனைக்காரர்கள் வண்டி வாங்க வரும் நாளுக்குக் காத்திருந்தேன். அன்று தம்பியையும் ஊன்றுகோலோடு அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். வண்டியை நிறுத்தும் சிவப்புப் பட்டன் என் கையில் இருந்தது.

"சார், இன்னைக்கு ஆட்டமெல்லாம் வேணாம். அசையாம நில்லுங்க, பாக்கலாம்" என்றேன்.

"அதானே, எங்க நோயாளிங்க ஆடவா போறாங்க?" என்றார் வந்திருந்த டாக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்துக்கொண்டே நின்றார். வண்டி கிளம்பியது. பாதித் தூரம் வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தார். நான் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தேன். அந்த நேரத்தில் அழுத்த எனக்கு மனசில்லை, சத்தியமாக இல்லை.

"ஐயோ, நிறுத்தும்மா! அது நிக்காது!" என்று அலறிக்கொண்டு தடத்தைவிட்டுப் பாய்ந்தார். அவர் நின்ற இடத்தின் மேலேயே வண்டி போனது. அதற்குப் பிறகுதான் பட்டனை அழுத்தினேன்.

தம்பி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான்.

"ஏன் சார், குறுக்கே ஓடுனீங்க?" என்று கேட்டான்.

நான் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். "உன் பிள்ளை ஓடலம்மா" என்றேன்.