கால் எட்டும் வண்டி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு ஸ்பிரிங். என் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது, மாற்றுவதற்காக ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். அங்கே மிக உயரமான, மிகக் கனமான ஒருவர் புது மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் பக்கத்தில் குனிந்து, பின்சக்கரத்து ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்று விரலால் அளந்துகொண்டிருந்தார். இருவரும் சிரிக்கவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊகம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அம்மா என்று…’

அடித்துவிட்டேன். மட்டமான சிரிப்பு.

இரண்டாவது: ‘உயரமானவர்களின் தனிமையை இந்த உலகம்…’

இதுவும் வேண்டாம். அவர் எங்கே தனியாக இருக்கிறார்? மனைவி பக்கத்திலேயே நிற்கிறாரே.

ஒருவரை வேடிக்கையாகவோ பரிதாபமாகவோ காட்டக் கை போனால், அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவது என் வழக்கம். இவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். வயது நாற்பத்திரண்டு, உயரம் ஆறடி நான்கு அங்குலம், எடை நூற்று இருபத்திரண்டு கிலோ. அவர் கம்பெனி லிஃப்டுக்குள் ஒட்டும் தகட்டில் ஓர் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று கணக்கு. அதனால் உடன் வேலை செய்பவர்கள் அவரை ‘ரெண்டாள்’ என்று கூப்பிடுகிறார்கள்.*

(* சரியாகச் சொன்னால் ஒன்று புள்ளி எட்டு ஆள். அவரே பலமுறை திருத்திப் பார்த்தார். எடுபடவில்லை.)

3

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறார். பதினொரு வருடமாக அவர்தான் ஸ்கூட்டர் ஓட்டினார். கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், வழியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவார். இப்போது வலது தோள் இறுகிவிட்டது. இனி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் மருத்துவர். கடை இருக்கும் பக்கம் பஸ் போகாது. அவருக்கு விடுப்பு இன்னும் ஆறு வாரம்தான். அதற்குள் கணவர் வண்டி ஓட்டப் பழகி அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் மனைவி வேலையை விட வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர்கள் வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

4

விற்பனையாளர் தாழ்வான, அகலமான ஒரு வண்டியைக் காட்டினார்.

“சார், உங்க உடம்புக்கு இதுதான் எடுப்பு. உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தார். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. முகத்தில் நிம்மதி.

“எவ்வளவு தாங்கும்?”

“யானையே ஏறலாம் சார்.”

“யானை பஸ்ல வரட்டும். கிலோ சொல்லுங்க.”

அந்தக் கடையில் யாரும் கேட்டிராத கேள்வி. விற்பனையாளர் உள்ளே போய்க் கையேட்டைத் தேடி எடுத்துவந்தார். நூற்று அறுபது.

“நான் நூத்தி இருபத்திரெண்டு. இவ அறுபத்தொண்ணு.”

“ஏங்க, தெருவுக்கே கேக்கற மாதிரியா சொல்றது?”

“லிஃப்ட் கணக்குல நீ ஒரு ஆளுக்கும் கம்மிதானே, அதுல என்ன வெக்கம்?”

அடுத்தது உயரமான, ஒல்லியான வண்டி. நூற்றுத் தொண்ணூறு தாங்கும். இருவரும் ஏறினாலும் ஏழு கிலோ மிச்சம். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினாலும் முட்டியில் இடிக்கவில்லை. ஆனால் அதில் கால்கள் நேராக நீண்டுவிட்டன. தரையைத் தொட முடிந்தது, ஊன்றித் தள்ள முடியவில்லை. அவர் இறங்கிவிட்டார்.

[பேனாவின் ஒரு கீறலில் அவரைத் தொண்ணூற்றொன்பது கிலோ ஆக்கினால் தாழ்வான வண்டியே போதும், கதையும் இங்கேயே முடிந்துவிடும். ஆக்கியும் பார்த்தேன். அவருக்கு வண்டி கிடைத்தது. எனக்கு ஆள் கிடைக்கவில்லை.]

“முதல் வண்டியே இருக்கட்டும்,” என்றார். “கால் நல்லா ஊனுது.”

“ஓட்டிக் காட்டுங்க,” என்றார் மனைவி.

5

கடைக்குப் பின்னால் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம். விற்பனையாளர் சொல்லிக்கொடுத்தபடி தாழ்வான வண்டியில் மெதுவாக ஒரு சுற்று வந்தார். நிறுத்தும்போது கை பிரேக்கைப் பிடிக்கும் முன்பே கால்கள் இறங்கின. செருப்பு தரையில் தேய்ந்தது.

“காலாலதான் நிறுத்தினீங்க.”

“எட்டுதுல்ல, அதனால.”

“எட்டுறதுதான் பயமா இருக்கு. நானும் பின்னாடி உக்காந்தா அவ்வளவு கனத்தையும் காலாலயா நிறுத்துவீங்க? முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“உனக்கு எப்படித் தெரியும் நான் எப்பவும் இப்படித்தான்னு?”

“பதினோரு வருஷமாத் தெரியும். ஒவ்வொரு சிக்னல்லயும் நான் பிரேக் புடிக்கறதுக்கு முன்னாடியே கால ஊனிடுவீங்க. வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். நான் கையால புடிச்சு நிறுத்துவேன்.”

அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. “எந்தக் கையால?”

மனைவி இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அன்னைக்கே எறங்கி நடந்திருப்பீங்க.”

தோள் இறுகியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எனக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்டு எழுதலாம் என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன். ‘எந்தக் கையால’ என்று அவர் கேட்டுவிட்டார். கதைக்கு அது போதும்.

6

அவரே போய் உயரமான வண்டியில் ஏறினார்.

முதல் முடிவு: தனியாக ஒரு சுற்று வந்து, பிரேக் பிடித்து அழகாக நிற்கிறார். மனைவி கை தட்டுகிறார். (இறுகிய தோளோடு எப்படித் தட்டுவார்? நீக்கினேன்.)

இரண்டாவது: கால் இறங்கி, வண்டி சாய்ந்து விழுகிறது. அவர் ஒரே மூச்சில் தூக்கி நிறுத்துகிறார். பலசாலி என்று தெரிகிறது. பலம் இங்கே யாருக்கு வேண்டும்?

மூன்றாவதை நான் எழுதவில்லை, அவர் மனைவி எழுதினார். இடது கையால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார்.

“மேடம், பழகறவர் பின்னாடி ஏறக் கூடாது!” விற்பனையாளர் ஓடிவந்தார்.

“இவர் தனியா ஓட்டினா தனியா நிறுத்தத்தான் பழகுவார்.”

“எறங்கு. பயமா இருக்கு,” என்றார் அவர், திரும்பாமல்.

“எனக்கும்தான். போங்க.”

கிளட்ச் மெல்ல விடுபடுகிறது. வண்டி நகர்கிறது, ஒருமுறை தடுமாறி நேராகிறது. எதிரே சுவர், முப்பதடி இருக்கும். இருபது. கை முதலில் போகுமா, காலா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னால் அவர் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.