ஊமைப் பாட்டு

மார்ச் 11, செவ்வாய்

இன்றைய பிழை: மின்சாரம் நின்றதை நான் கவனிக்கவில்லை.

நாட்குறிப்பை இந்த வரிசையில் எழுதச் சொன்னவர் மாலை வகுப்பு ஆசிரியை. முதலில் அன்றைய பிழை, அடுத்து நடந்தது, கடைசியில் நாளைய வேலை. எழுத எழுத வாக்கியம் திருந்தும் என்றார். மேலே எழுதியதும் பிழைதான், ஆனால் சிறியது. பெரியதை முதல் வரியில் வைக்கக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் எப்படியும் அதில் போய் முட்டத்தான் வேண்டும்.

நானும் அண்ணியும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். விடுதிகளின் படுக்கை விரிப்புகள்தான் அங்கே வரும். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அதைப் பிடித்து மடிப்பது எங்கள் வேலை. ஆளுக்கு இரண்டு முனை. விறைப்பாக இழுத்து ஓர் உதறு, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். உருளை போடும் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லோரும் காதில் பஞ்சு அடைத்திருப்போம்.

அந்த இரைச்சலுக்குள் நான் பாடுவேன். வேறெங்கும் வாய்விட்டுப் பாட முடியாது.

நாங்கள் ஜெபத்துக்குக் கூடிய மண்டபத்துக்குச் சென்ற ஆண்டு சிலர் வந்தார்கள். எங்களை வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, தங்கள் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், "வம்பை ஏன் விலைக்கு வாங்குறீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்போதிருந்து எங்கள் ஒற்றை அறையில் கூடுகிறோம். பாட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அதனால் சத்தமில்லாமல் பாடப் பழகினோம். உதடு மட்டும் அசையும், விரல் முழங்காலில் தாளம் தட்டும். எங்களில் ஒருவர் பூட்டுப் பழுது பார்ப்பவர்; அந்தப் பூட்டுக்காரர் தலையசைத்தால் அடுத்த சரணம். என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர், ஜெபத்தில் சேராதவர். அவர்தான் இதற்கு ஊமைப் பாட்டு என்று பெயர் வைத்தார். "சத்தம் போட்டுப் பாடினப்ப ஒருத்தருக்கும் சுருதி சேரல. இப்பதான் பிசிறில்லாம இருக்கு" என்பார்.

அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சலவைக்கூட முதலாளி அறிவித்திருந்தார். விடுதிக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம். எங்களை யாரும் கேட்கவில்லை. "நாமா போய்ச் சொல்ல வேண்டாம். கேட்டா மறைக்கவும் வேண்டாம்" என்று அண்ணி அன்றே சொன்னார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

இன்று காலை ஒரு பெரிய விரிப்பின் இரு புறமும் நின்றிருந்தோம். நான் பாடிக்கொண்டிருந்தேன். அண்ணி திடீரென்று கண்ணை உருட்டினார். முனையைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று கையைப் பார்த்தேன். கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் உருளை நின்றுபோயிருந்தது தெரிந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காதுப் பஞ்சை எடுத்தேன்.

மேற்பார்வையாளர் தேநீர்க் குவளையோடு வந்தார்.

"யாரும்மா கச்சேரி வெச்சது?"

அவர் என்னைப் பார்த்து, "என்ன பாட்டு அது?" என்றார்.

"சினிமாப் பாட்டு சார்."

"எந்தப் படம்?"

எனக்கு ஒரு படத்தின் பெயரும் வாயில் வரவில்லை.

"எனக்கு அந்தப் பாட்டு தெரியும்மா. என் வீடு அந்த மண்டபத்துக்குப் பின்னாலதான். ஞாயித்துக்கிழமையானா ஒரு மனுஷன் தூங்க முடிஞ்சுதா? நீ அந்தக் கூட்டமா?"

"இல்ல சார். யாரோ பாடிக் காதுல விழுந்தது. எனக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

இவ்வளவு நீளமாக அவர் கேட்கவே இல்லை. 'இல்ல சார்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யிலும் சிக்கனம் தெரியவில்லை எனக்கு.

அவர் விரிப்பின் மறுமுனைக்குத் திரும்பினார். "நீ?"

"நான் போறவதான் சார்" என்றார் அண்ணி. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல இருந்தது குரல்.

"முதலாளி சொன்னது தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இந்தத் திமிரு? அப்ப உன் நாத்தனாரையும் நீதான் கெடுக்கறியா?"

"அவளைப் பத்தி அவகிட்டயே கேளுங்க சார்."

இதை எழுதும்போதுதான் புரிகிறது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. திரும்பி வர எனக்கு ஒரு வழி விட்டுவைத்தார்.

மேற்பார்வையாளர் திரும்பவும் என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் போறதில்லை சார்" என்றேன்.

"இது பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இந்நேரம் எரிச்சல் அடங்கியிருக்கும்.

அண்ணியை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளை முதலாளி வருகிறார், அவரிடம் பேசிக்கொள்ளட்டும் என்றார். அண்ணி உடனே போகவில்லை. பாதியில் நின்ற விரிப்போடு என்னை நோக்கி நடந்து வந்து, தன் இரண்டு முனைகளையும் என் கையில் சேர்த்தார். "சரியாப் பிடி, கோணிக்கப் போகுது" என்றார். பிறகு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அடுத்த விரிப்புக்கு என் எதிரே வேறொருத்தி வந்து நின்றாள். அவள் நடை எனக்கு ஒத்துவரவில்லை. நாள் முழுவதும் மடிப்பு கோணிக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வகுப்புக்குப் போனேன். படிப்பில் அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயம். நான் வகுப்பில் உட்கார முடிவதே, சாயங்காலச் சமையலை அண்ணி தன் தலையில் போட்டுக்கொண்டதால்தான்.

வீடு திரும்பியபோது ஜெபத்துக்கு வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர், முட்டை விற்கும் அம்மா, அண்ணி. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போய்விட்டார்கள். முட்டைக்காரம்மா ஒரு கிண்ணத்தை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"உடைஞ்ச முட்டைதான். ஆனா இன்னைக்கு உடைஞ்சது."

"நீங்களே உடைச்சீங்களோ?" என்றார் பூட்டுக்காரர்.

"உமக்கு என்ன வந்துச்சு? போய் மண்டபத்துப் பூட்டைத் திறக்குற வழியைப் பாருமய்யா. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்குறீரு."

"ஒரு கம்பி போதும், திறந்துடுவேன். ஆனா போட்டவன் கையாலயே திறக்கணும்மா. அதுக்குத்தானே தினமும் அவனுக்காக ஜெபம் பண்றேன்."

"ஜெபத்துல அவனுக்கு நல்ல சாப்பாடும் கேட்டுடாதேயும். ஏற்கெனவே எருமை மாதிரி இருக்கான்."

சிரித்தார்கள். வேலை போனவர் வீட்டில் இப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முட்டைக்காரம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"பாவம், பிள்ளை மிரண்டு போயிருக்கு பாரு. உன் வேலையாவது தப்பிச்சுதேன்னு இப்பதான் ஸ்தோத்திரம் சொன்னோம்."

அண்ணியைப் பார்த்தேன். அவர் பாயின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேலை போனதை மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பிறகு பாடினார்கள். நான் காலையில் பாடிய அதே பாட்டு. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை, அது எல்லோருக்கும் பிடித்த பாட்டு, அவ்வளவுதான். மூன்று வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடின. பூட்டுக்காரரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முட்டைக்காரம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது, வார் அறுந்து கம்பியால் கட்டியது. அவர் முகத்தைப் பார்த்தால், நிலம் நீச்சு உள்ளவர் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பாட்டு முடிந்ததும், "நமக்கு என்ன குறைச்சல்?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் கேலி இல்லை. அந்த அறையில் ஒன்றும் இல்லாதவள் நான் ஒருத்திதான். கையில் வேலை இருந்தது, உதட்டை அசைக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, "அண்ணி, பாடினது நான்னு ஏன் இவங்ககிட்டகூட சொல்லல?" என்று கேட்டேன்.

"அதை நான் எப்படிச் சொல்றது? நீ சொல்ல வேண்டியது."

"என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. நல்லாவே இருக்கு. இப்பதான் உனக்காக ஸ்தோத்திரம் சொல்லி முடிச்சோம், உடனே திட்டினா நல்லா இருக்காது. நாளைக்கு வெச்சுக்கறேன். சாப்பிட வா."

முட்டையைப் பொரித்து, பெரிய பங்கை என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்றேன். "அழுதுகிட்டே சாப்பிடாத, புரையேறும்" என்றார்.

நாளை சொன்னால் என் வேலையும் போகும். வேலையோடு வகுப்பும் போகும். அண்ணியின் வேலை அதனால் திரும்பி வந்துவிடாது. லாபம் எதுவும் தேறவில்லை. ஒரு கடிதம் எழுதி மேற்பார்வையாளர் மேசையில் வைத்துவிடலாமா என்று தோன்றியது. வாயால் மறுத்ததைக் காகிதத்தில் ஒப்புக்கொள்வது ஒளிந்துகொள்வதுதான். இந்தக் குறிப்பும் அப்படித்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

நாளைய வேலை: முதலாளி வருவதற்கு முன்பே போய், காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, பாடியது நான்தான், நானும் அந்தக் கூட்டம்தான் என்று மேற்பார்வையாளரிடம் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். உருளை ஓடத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டும்.