கோடு தொட்டால் போதும்

மண்டலம் பிரிப்பது அவள் வேலை. நாட்டிலுள்ள நகராட்சிகளையெல்லாம் புள்ளிவிவரத்துக்காகக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்க வேண்டும். விதி இரண்டே இரண்டு. ஒரு மண்டலத்தில் மூன்று லட்சம் பேருக்குக் குறையக் கூடாது. சேர்க்கிற ஊர்களின் எல்லைக்கோடுகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாலை உண்டா, பஸ் போகுமா என்று கேட்கப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

போன முறை துறைமுக மண்டலத்தில் மூன்று லட்சத்துக்கு நாலாயிரம் பேர் குறைந்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்த அண்ணன் ஊரைப் பிடித்து அந்தக் கரையோடு ஒட்டிவிட்டாள். நடு ஆற்றில் கோடு தொட்டது. கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. ஆற்றுக்குப் பாலமே இல்லை என்பது, வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்வருகிறவளுக்கே உறைக்கவில்லை என்றால் அந்தத் தலையை என்ன செய்வது?

இப்போது அண்ணன் ஊரின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள். அதே மண்டலத்தில் பத்து கிலோமீட்டரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். சுற்றிக்கொண்டு போனால் எண்பது. அண்ணிக்கு எட்டாம் மாதம்.

"உன் அண்ணிக்கு இப்போ நீச்சல் கத்துக்கொடுக்கவா?" என்று அண்ணன் ஃபோனில் கத்தினார்.

ஒன்பது நாளாக அவள் இணை இயக்குநரின் அறைக்கு நடையாய் நடந்தாள்.

"சார், நடுவுல ஆறு ஓடுது சார்."

"கோடு தொடுதுல்ல?"

"தண்ணியில தொடுது சார்!"

"தண்ணியில தொடக் கூடாதுன்னு விதியில எங்கம்மா இருக்கு?" என்று அவர் நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டித் தேடினார். அவளுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்தாம் நாள் அவரே அலுத்துப்போனார். "அஞ்சு மணிக்குப் பட்டியல் போகுது. அந்த ஊரை எடுத்தா மூணு லட்சம் தேறாது. பதிலுக்கு ஒண்ணு கொடுத்துட்டு எடுத்துக்கோ. என் உயிரை வாங்காதே."

கோடு தொடுகிற ஊர் இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணன் ஊருக்கு அடுத்த ஊர். அதே கரை, அதே ஆறு. இணை இயக்குநரை, விதியை, விதி எழுதியவனை, கடைசியில் தன்னையும் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது பொத்தானை அழுத்தினாள்.

அண்ணனைக் கூப்பிட்டாள். "நம்ம ஊரை வெளியே எடுத்தாச்சுண்ணா. வார்டை மூட மாட்டாங்க."

"சாதிச்சுட்டியேடி!" என்றார் அண்ணன். பின்னாலிருந்து அண்ணி சந்தோஷத்தில் ஏதோ கூவினாள். பிறகு அண்ணன் கேட்டார். "ஆமா, பதிலுக்கு யாரைத் தள்ளினே?"

சொன்னாள்.

"அடிப்பாவி, அங்கேயும் அதே நிலைமைதானேம்மா? அங்கேயும் பிள்ளைத்தாச்சிங்க இருப்பாங்களே?"

"இருப்பாங்கண்ணா," என்றாள். "எனக்கு ஃபோன் பண்ணத்தான் அங்க யாரும் இல்ல."