அரை மணிப் பொழுது

ஞாயிறு மேற்கே சாய்ந்து, ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்பில் செம்பை உருக்கி வார்த்தாற்போல் ஒளி பரந்து கிடக்க, பாலத்தின்மேல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்ல, கரையோரக் கிடங்குகளின் கனத்த கதவுகள் ஓசையோடு சாத்தப்பட, கூரைகளின் மேலெல்லாம் அடுப்புப் புகை மெல்லெனச் சுருண்டு எழ, நகரம் தன் பகற்பணியை உதறி இளைப்பாறத் தொடங்கும் அவ்வினிய வேளையில், அச்சகத் தெருவில் மட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்படும். மற்றையோர்க்கு விளக்கொளி வீடு வந்து சேர்ந்ததன் அடையாளம். அத்தெருவில் உழைத்தோர்க்கோ இன்னும் இரண்டு மணி நேர வேலை எஞ்சியிருக்கிறது என்பதன் அறிவிப்பு. கற்றறிந்த நண்பரே, நான் சொல்லவருவது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னைய மாலைகளை. ஈயமும் மையும் கலந்து வீசிய அந்த மணம் இன்று அங்கில்லை. அச்சகம் இருந்த கட்டடத்தில் யாரோ அறைகலன்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஆயினும் அந்த மாடியறையில் ஒரு நூலுக்கும் ஒரு பெண்மணிக்கும் இடையே நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

கீழ்த்தளத்தில் பொறிகள் தடதடக்கும். மேல்தளத்தில் எழுத்துக் கோப்போர், சின்னஞ்சிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட மரப்பெட்டிகளின் முன் நின்றவண்ணம், ஈய எழுத்துகளைக் கோழி தானியம் கொத்தும் விரைவோடு எடுத்துக் கோப்பர். அவர்களைத் தாண்டி வடக்குப் பார்த்த சிற்றறையொன்றில் மெய்ப்புத் திருத்துவோர் மூவர் அமர்ந்திருப்பர். அம்மூவருள் தலையானவரை எல்லாரும் ஒற்றக்கா என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாமலும், மிகக்கூடாத இடத்தில் மிகுந்தும் வரும் பிழைகளை, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் அவர் பொறுக்கி எடுப்பதைக் கண்ட எழுத்துக் கோப்போர் கிண்டலாய் வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். தம் திருமண அழைப்பிதழில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்திய பின்னரே மணமேடை ஏறினார் என்றொரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததில்லை; இரண்டல்ல, மூன்று என்று மட்டும் திருத்துவார்.

அவருடைய கணவர் அடுமனையொன்றில் மாவு பிசைபவர். ஊர் விழிக்கும்போது சூடான ரொட்டி ஆயத்தமாயிருக்க வேண்டுமென்றால் அவர் எந்நேரம் எழவேண்டும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். மாலை ஏழரைக்குள் அவர் கண்ணயர்ந்தாக வேண்டும். அச்சகமோ ஏழு மணிக்குத்தான் மூடும். அங்கிருந்து வீட்டுக்கு அரை மணி நடை. ஒற்றக்கா கதவைத் திறக்கும்போது, மூடிவைத்த உணவும் உள்ளறையிலிருந்து கணவரின் சீரான மூச்சொலியுமே அவரை வரவேற்கும். வாரத்தில் ஆறு நாள், ஒரே வீட்டில் மாறிமாறித் தங்கிச்செல்லும் இரு வழிப்போக்கரைப் போல அவர்கள் வாழ்ந்தனர்; ஏழாம் நாள் ஒன்றே அவர்களைக் கணவன் மனைவி ஆக்கியது.

இந்நிலையில் ஒருநாள் மெய்யியலார் ஒருவரின் கையெழுத்துப் படி அச்சகத்துக்கு வந்தது. அவர் கல்லூரியில் மெய்யியல் கற்பிப்பவர், மைக்கூட்டில் விழுந்தெழுந்த எறும்பு தாளின்மேல் நடந்தாற்போன்ற கையெழுத்துக்காரர், நடுவயதினர். இக்காலக் குமுகாயம் தன் செல்வத்தை அளக்கும் முறையே தவறு என்பது அவர் கருத்து. எத்தனை மூட்டை விளைந்தது, எத்தனை முழம் நெய்யப்பட்டது என்று அளக்கிறார்களேயன்றி, அத்தனையும் செய்து முடித்த மாந்தனுக்கு மாலையில் தனக்கென எவ்வளவு பொழுது மிஞ்சியது என்று எவரும் அளப்பதில்லை. மேலும் மேலும் என்னும் வேட்கை, ஏறியவனை இறங்கவிடாத குதிரைபோல் நாட்டையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆதலால் போதும் என்று சொல்லக் கற்பதே பொருளியலின் முதற்பாடம் என்று அவர் எழுதியிருந்தார்.

ஒற்றக்கா அந்நூலில் மயங்கிப்போனார். மணமானதுமுதல் பதினான்கு ஆண்டுகள் அவர் நெஞ்சில் பெயரின்றிக் கிடந்த ஏக்கத்துக்கு எவரோ பெயரிட்டாற்போல் இருந்தது. நூலின் உயிர்நிலையான ஒரு வரி மட்டும் நான்கு முறை முடிச்சிட்ட கயிறுபோல் சிக்கிக் கிடக்க, அதை அவர் இரண்டு நாள் நாவில் உருட்டிப் பார்த்து, “மேலும் என்பவன் வழியில் நிற்கிறான்; போதும் என்பவன் வீட்டில் இருக்கிறான்” என்று செப்பம் செய்தார். அப்போது ஓர் ஐயம் எழ, தாளின் ஓரத்தில் கரிக்கோலால், “இந்தப் ‘போதும்’ யார், யாரைப் பார்த்துச் சொல்வது?” என்று எழுதினார். சற்றுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டார். மெய்யியலார் நேரில் வந்து, அந்த வரிக்காகக் கைகூப்பி நன்றி சொல்லிப் போனார்.

நூல் வெளிவந்த ஆறே திங்களில் ஊரெங்கும் அதே பேச்சாயிற்று. வணிகர் மன்றங்கள் மெய்யியலாரை அழைத்துப் பொன்னாடை போர்த்தின. ஒற்றக்கா செப்பம் செய்த வரி நாட்காட்டிகளிலும் கடைச் சுவர்களிலும் இடம்பெற்றது.

அவ்வாண்டு இறுதியில் அச்சகத்தார் ஒன்றுகூடி, மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வேலை முடியவேண்டும் என்று முதலாளியிடம் கேட்பதென முடிவுசெய்தனர். விளக்கொளியில் கண்கள் பழுதாகின்றன என்பதே அவர்கள் முறையீடு. மூத்த எழுத்துக் கோப்பாளரான நெட்டையர், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து முன்னே செல்ல, ஒற்றக்காவும் மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். முதலாளி கொடியவர் அல்லர். பணியாளர் வீட்டில் நோயென்றால் தாமே மருத்துவரை அனுப்பிவைப்பவர். எவரையும் கடிந்து பேசாதவர். அதனாலேயே அவரை எதிர்த்துப் பேசுதல் அரிதாயிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்ட அவர், மேசைமேல் இருந்த அந்நூலை எடுத்து, அடையாளமிட்ட பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அழகாகப் படித்தார்.

“இதை நானா சொல்றேன்? எவ்வளவு பெரிய அறிஞர் சொல்லியிருக்கார். இருக்கறதே போதும்னு நினைச்சுப் பாருங்க, மனசு லேசாயிடும்.”

நெட்டையர் திரும்பி ஒற்றக்காவைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வையன்று அது. எனினும், தாம் கூர்தீட்டிய கத்தி தம்மவர் கையையே அறுத்ததை ஒற்றக்கா கண்முன்னே கண்டார்.

அடுத்த ஓய்வுநாளில், கணவரோடு கழிக்கவேண்டிய பகலைத் துறந்து, அவர் மெய்யியலாரின் வீடு தேடிச் சென்றார். நூல்கள் நாற்காலிகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்த அறையில், மெய்யியலார் ஒரு நாற்காலியை ஒழித்து அவரை அமரச்செய்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிற்று.

“அவர் தப்பாப் புரிஞ்சுகிட்டார் அம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“தப்பாப் புரிஞ்சுக்கலைங்க ஐயா. எழுதியிருக்கறதைத்தான் படிச்சார். பக்கத்துல நின்னு கேட்டேன், ஒரு எழுத்துகூட மாத்தலை.”

பிறகு ஒற்றக்கா தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். மூடிவைத்த உணவையும் மூச்சொலியையும் சொன்னார். கணவர் ஏதேனும் வேடிக்கையைக் கண்டு தமக்குச் சொல்லவேண்டுமென்று எண்ணினால் அதை ஏழாம் நாள்வரை நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பதையும், அந்நாள் வருவதற்குள் பாதி மறந்துபோவதையும் சொன்னார். “இப்படி இருக்கறவங்களைப் பார்த்துப் போதும்னு யாருங்க சொல்றது?” என்றார்.

“இந்தக் கேள்வி உங்களுக்கு அப்பவே தோணலையா?” என்று மெய்யியலார் கேட்டார்.

“தோணுச்சுங்க. ஓரத்துல எழுதினேன். பிழை திருத்தறவளுக்குக் கருத்துல என்ன வேலைன்னு அழிச்சிட்டேன்.”

“நாடே என்னைப் பாராட்டுச்சு அம்மா. என்னை நிறுத்திக் கேட்டது அது ஒண்ணுதான். அதைப் போய் அழிச்சிட்டீங்களே.”

நான்காம் நாள் மெய்யியலார் அச்சகத்துக்கு வந்தார். இரண்டாம் பதிப்பைத் தாமே திருத்தப்போவதாக முதலாளியிடம் சொல்லி, ஒற்றக்காவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பன்னிரண்டு நாள் காலைமுதல் ஏழு மணிவரை மற்றவரோடு மற்றவராய் வேலை செய்தார். ஆறாம் மாலையில் எழுத்துகள் நீரில் மிதப்பனபோல் அசையத் தொடங்கின. கண்களில் நீர் வழிந்தது. தம் நூலின் ஒரே பக்கத்தில் அவர் கவனியாது விட்ட பதினொரு பிழைகளை ஒற்றக்கா எடுத்துக்காட்ட, அறையே நகைத்தது, அவரும் நகைத்தார். பன்னிரண்டாம் நாள் புதிதாய் எழுதிய ஓர் இயலை முதலாளியிடம் நீட்டினார். உடையவன் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளும்போதுதான் போதும் என்பது அறிவு. இல்லாதவனை நோக்கி அதையே சொன்னால் அது பூட்டு. தன் மாலைப்பொழுது தன்னிடம் இல்லாதவனிடம் நிறைவைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை என்று அதில் எழுதியிருந்தார்.

முதலாளி முதன்முறையாகக் குரல் உயர்த்தினார். இதை அச்சிட்டால் ஊரிலுள்ள ஒவ்வொரு பட்டறையிலும் ஆட்கள் எழுந்து நிற்பார்கள் என்றும், பழையபடியே அச்சிட இசைவதானால் மட்டுமே வேலை தொடரும் என்றும் கூறினார். மெய்யியலார் மேசையின் விளிம்பைப் பற்றியபடி அமைதியாகச் சொன்னார்:

“அப்படீன்னா அச்சடிக்க வேண்டாம். கோத்த எழுத்தையெல்லாம் பிரிச்சிடச் சொல்லுங்க.”

பக்கம் பக்கமாய்க் கோத்து நூலால் கட்டிவைத்திருந்த எழுத்துகளைப் பிரித்து, ககரத்தைக் ககரப் பெட்டியிலும் மகரத்தை மகரப் பெட்டியிலும் மீளப் போடும் பணி மூன்று நாள் நடந்தது. புகழ்மிக்க நூலொன்று துளித்துளியாய் உதிர்ந்து வெறும் ஈயமாவதை முதலாளி வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி இருந்த பக்கம் வந்தபோது நெட்டையர் கையை நிறுத்தி, “அக்கா, இதை நீங்களே பிரிக்கறீங்களா?” என்று கேட்டார். ஒற்றக்கா எழுந்துவந்து, தம் விரல்களாலேயே அவ்வெழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி அவற்றின் அறைகளில் இட்டார். அழவில்லை, இறுதி எழுத்து விழுந்ததும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

வணிகர் மன்றங்கள் அதன்பின் மெய்யியலாரை அழைக்கவில்லை. அவருக்கென்று பேசிவைத்திருந்த பரிசு வேறொருவருக்குப் போயிற்று. புதிய இயலோடு கூடிய நூலை ஆற்றுக்கு அப்பாலிருந்த சிறிய அச்சகமொன்று முந்நூறு படிகள் அச்சிட்டது. அவையும் முழுதும் விற்கவில்லை. எனினும் எழுத்துகளைப் பிரித்து மூன்று கிழமை கழிந்து ஒருநாள், முதலாளி மாடிக்கு வந்து, நாளைமுதல் ஆறரைக்கே மூடிவிடலாம் என்றார். ஒரு மணி கேட்டவர்க்குக் கிடைத்தது அரை மணி. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நெட்டையர் ஏதோ கேட்க வாயெடுக்க, “அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்கப்பா” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள்முதல் ஒற்றக்கா கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவர் விழித்திருந்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து உண்டனர். அவ்வாறு பத்தொன்பது ஆண்டுகள், கணவரின் மூச்சு அடங்கும்வரை, நாள்தோறும் அரை மணிப் பொழுது அவர்களுக்கு வாய்த்தது.

அவர் மறைந்த ஆண்டில், நரை திரண்டு நடை தளர்ந்திருந்த மெய்யியலார் ஆறுதல் சொல்ல வந்தார். ஓர் ஆய்வாளனுக்குரிய ஆவலும் ஒரு நண்பனுக்குரிய கூச்சமும் கலந்த குரலில் கேட்டார்:

“இத்தனை வருசமும் அந்த அரை மணியில என்னம்மா பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலைங்க. பேசிட்டிருந்தோம்.”

எதைப் பற்றி என்று அவர் கேட்க, ஒற்றக்கா நினைவுகூர்ந்து சொன்னார்: ஒருநாள் பொங்க மறுத்த மாவு, அடுத்த வீட்டாரின் செவிட்டு நாய், தைக்கவேண்டிய சட்டைக்கை, மழை வருமா வராதா என்பது. மெய்யியலார் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்கள் நிறைந்து வழிய, அவற்றைத் துடைக்கவும் மறந்து அமர்ந்திருந்தார்.

அவரும் இன்றில்லை. பெருநகரங்களின் நூலகங்களில் அவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. நாடுகளின் செல்வத்தை அளப்போர் இன்றும் மூட்டைகளையும் முழங்களையுமே அளந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் ஏடுகளில் செவிட்டு நாயைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அறிவுடையோரே, ஓர் எண்ணம் உலகை மாற்றியதா என்று வினவுவோர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அது இரண்டு பேரை ஒரு மேசையின் இருபுறமும் விழித்திருக்கச் செய்தது. அந்த மாலைகள் போயின, இனி வாரா. ஆயினும் அவை இருந்தன.